போலோ ஜிடியிலிருந்து சிட்டி ஹைபிரிட்: எட்டு மாதம் ஓட்டியபின் என் அனுபவம்

மருதமலை_அடிவாரம்

2014-இல் எடுத்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 11 வருடம் என்னிடம் இருந்தது. 1,38,000 கி.மீ. ஓடிய பிறகு அதைக் கொடுத்துவிட்டு ஹோண்டா சிட்டி ஹைபிரிட் எடுத்தேன், பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி. புது வண்டி இப்போது 14,000 கி.மீ. தாண்டிவிட்டது. வாங்குவதற்கு முன் விசாரித்தபோது பாதிப் பேர் "ஓட்டுகிற சுகமே போய்விடும்" என்றார்கள், மீதிப் பேர் மைலேஜைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. எனக்குத் தேவைப்பட்ட விவரம் எங்கேயும் கிடைக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

முதலில் பழைய வண்டி. 1.2 லிட்டர் டர்போ, 105 பிஎஸ் (குதிரைத்திறன்), 1,500 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்று) 175 என்எம் இழுவிசை, ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்). நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 9.7 வினாடி என்று கம்பெனி சொன்னது. நான் அதோடு விடவில்லை. ரீமேப் செய்தேன் (பலம் கூட இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது), ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைக் கொஞ்சம் இறக்கினேன், பிடிமானம் கூடிய டயர் போட்டேன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் மூன்று முறை ஓட்டியிருக்கிறேன். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவுக்கு எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்பது என் காலுக்கே தெரியும். அந்த வண்டியை நான் எவ்வளவு நேசித்தேன் என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

மாற்றியதற்குக் காரணம் அம்மா. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் அந்தத் தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து எழ முடியவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. தாராபுரத்தில் மாமா வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும்போது, "நீ முன்னால போ சாமி, நான் பஸ்ஸுல வந்துக்கறேன்" என்றார். 80 கி.மீ. தூரம். என் வண்டியைவிட அரசுப் பேருந்து அவருக்குச் சௌகரியமாகப் பட்டிருக்கிறது. அன்று இரவே தேட ஆரம்பித்துவிட்டேன்.

இப்போது ஹைபிரிட். என் தினசரி ஓட்டம் வடவள்ளியிலிருந்து நீலம்பூர், ஒரு பக்கம் 25 கி.மீ. போல. முதல் வாரத்திலேயே கவனித்தது இதுதான்: ஊருக்குள் இந்த வண்டி போலோவைவிட வேகமாகப் பதில் சொல்கிறது. டர்போ வண்டியில் காலை அழுத்தினால் ஒரு கணம் காத்திருக்க வேண்டும். அது கியரைத் தேட வேண்டும், டர்போ சுழல வேண்டும். இதில் சக்கரத்தைத் திருப்புவது 253 என்எம் மோட்டார். லாலி ரோடு சிக்னலில் பச்சை விழுந்ததும் சத்தமே இல்லாமல் முதல் ஆளாகக் கிளம்பிவிடுகிறது. 30-லிருந்து 60 வரை இதன் இழுவை எனக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது.

இழந்ததையும் சொல்ல வேண்டும். ஸ்டீயரிங்கில் சாலை பேசுவதில்லை. போலோவில் டயர் எந்த நொடியில் பிடியை விடப் போகிறது என்று உள்ளங்கையில் தெரியும். இதில் அந்த உணர்வு மெல்லியதாகத்தான் வருகிறது. கியர் என்ற ஒன்றே இல்லை. வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது வருமே ஒரு உறுமல், அதை இன்னும் தேடுகிறேன்.

யாருக்காவது கேள்வி இருந்தால் கேளுங்கள்.

---

ஆர்பிஎம்_6000

அண்ணா, படித்ததும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. 2022-இல் போலோ உற்பத்தியே இந்தியாவில் நின்றுவிட்டது. நல்லபடியாக வைத்திருந்த ஜிடி ஒவ்வொன்றும் இனி கிடைக்காத பொருள். அம்மாவுக்காக என்றால் ஒரிஜினல் ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டு, அவர்களுக்கென்று உயரமான வண்டி ஒன்றை செகண்ட்ஸில் எடுத்திருக்கலாமே? ஒரு ஓட்டுநர் தனக்குப் பிடித்ததைக் கொடுத்துவிட்டால் திரும்ப வராது.

இன்னொன்று. ஹைபிரிட்டை மலையில் ஓட்டியிருக்கிறேன், அண்ணன் ஒருவருடையது. காலை முழுதாக அழுத்தினால் இன்ஜின் உச்சத்தில் போய் அலறிக்கொண்டே நிற்கிறது, வண்டியின் வேகம் அதன் போக்கில் ஏறுகிறது. சத்தத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதை எப்படித் தாங்குகிறீர்கள்?

---

பீளமேடு_பிஸ்டன்

தம்பி, நீங்கள் சொன்ன சத்தத்துக்குக் காரணம் இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் தாங்குவது சுலபம்.

சிட்டி ஹைபிரிட்டில் வழக்கமான கியர்பாக்ஸ் கிடையாது. இரண்டு மோட்டார்கள். ஒன்று ஜெனரேட்டர், இன்ஜினோடு சேர்ந்தது. இன்னொன்று சக்கரத்தை ஓட்டுவது. ஊருக்குள் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பே இல்லை. இன்ஜின் சுற்றி மின்சாரம் எடுக்கும், அந்த மின்சாரத்தில் மோட்டார் வண்டியை ஓட்டும். ஹைவேயில் சீரான வேகத்துக்கு வந்ததும் ஒரு கிளட்ச் மூடி இன்ஜினை நேரே சக்கரத்தோடு இணைத்துவிடும். அந்த வேகத்தில் அப்படி ஓடுவதுதான் சிக்கனம்.

மலையேற்றத்தில் நீங்கள் அதிகச் சக்தி கேட்கிறீர்கள். கேட்ட மின்சாரத்தைத் தர இன்ஜின் தனக்கு வசதியான ஆர்பிஎம்மில் போய் நிற்கிறது. நம் வீட்டு ஜெனரேட்டர் போலத்தான். ஏசி போட்டால் அது உறுமும், ஃபேன் எத்தனை வேகத்தில் சுற்றுகிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அதோடு இது அட்கின்சன் முறை இன்ஜின். இன்டேக் வால்வு தாமதமாக மூடும், எரிந்த பெட்ரோலிலிருந்து முடிந்தவரை வேலையைப் பிழிந்தெடுக்கும். அதற்கு விலையாக இன்ஜினின் தனி பலம் குறைகிறது: 1.5 லிட்டருக்கு 98 பிஎஸ், 127 என்எம். அந்தக் குறையை மோட்டார் ஈடுகட்டுகிறது. எல்லாம் சேர்ந்து 126 பிஎஸ்.

நான் பட்டறையில் 20 வருடமாக இருக்கிறேன். இன்ஜின் சத்தத்தை வைத்தே வண்டியைப் படிக்கிற பழக்கம் நமக்கெல்லாம் ஊறிப்போனது. அந்தக் காது இந்த வண்டியில் உதவாது. கால் பாதத்தால் படிக்கப் பழக வேண்டும், ஒரு மாதம் ஆகும்.

---

மருதமலை_அடிவாரம்

பிஸ்டன் சார் சொன்னது அப்படியே என் அனுபவம். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் காலை முழுதாக அழுத்தும் பழக்கமே குறைந்துவிட்டது. முக்கால்வாசிக்கு மேல் அழுத்தத் தேவையில்லை, மோட்டாரின் இழுவை அதற்குள் வந்துவிடுகிறது.

தம்பி, இரண்டு வண்டி வைக்க இடம் கிடையாது. அடுக்குமாடியில் ஒரு பார்க்கிங்தான். இருந்தால் நீங்கள் சொன்னபடியே செய்திருப்பேன், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

---

கணக்குப்பிள்ளை

கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் இதை வாசித்துவிட்டு வாங்கக் கிளம்புகிறவர்கள் இருப்பார்கள்.

மாதம் 1,500 கி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். ஊருக்குள் சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக் செடான் லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்தால் 125 லிட்டர். ஹைபிரிட் 20 கொடுத்தால் 75 லிட்டர். மிச்சம் 50 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் மாதம் 5,000. வருடத்துக்கு 60,000. பெட்ரோல் வகைக்கும் ஹைபிரிட்டுக்கும் விலையில் 4 லட்சம் வித்தியாசம் வந்தால் அதை எடுக்க ஆறரை வருடத்துக்கு மேல் ஆகும். மாதம் 600 கி.மீ. மட்டும் ஓட்டுகிறவர் அந்தப் பணத்தை எடுக்கவே மாட்டார்.

இதே 1,500 கி.மீ.-ஐ மின்சார வண்டியில் ஓட்டினால், ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ., யூனிட் 8 ரூபாய் என்றாலும், 1,700 ரூபாய்தான். தமிழ்நாட்டில் மின்சார வண்டிக்குச் சாலை வரி முழு விலக்கு. ஹைபிரிட்டுக்கு 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சம் தாண்டினால் 20 சதவீதம் கட்ட வேண்டும். உத்தரப் பிரதேசம் 2024-இல் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுகளுக்கு (சிட்டி மாதிரி மோட்டாரிலேயே ஓடக்கூடியவை)ப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது, நம் ஊரில் அது இல்லை. கணக்கு மட்டும் பார்த்தால் மின்சாரம்தான் ஜெயிக்கிறது.

---

மருதமலை_அடிவாரம்

கணக்கு சரி சார். நான் மின்சார வண்டியைத்தான் முதலில் பார்த்தேன். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சார்ஜர் போட மூன்று கூட்டம் நடந்தது, ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் சார்ஜ் செய்ய முடியாமல் மின்சார வண்டி எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டு வாசலில் பிளக் இருக்கிறவர்கள் நிச்சயம் மின்சார வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் மைலேஜ்: ஊருக்குள் 21, 22. ஹைவேயில் 100-இல் போனால் 18, 19. நமக்குப் பழகிய கணக்குக்கு இது நேர்மாறு. அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறந்த பிறகு ஒரு வாரம் மேலேயும் ஒரு வாரம் கீழேயும் போய்ப் பார்த்தேன். 10.1 கி.மீ. பாலத்தில் நேரம் பாதிக்குப் பாதி மிச்சம், ஆனால் மைலேஜில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் எதுவும் இல்லை. நெரிசலில் நின்று நின்று போவது இந்த வண்டிக்குச் செலவே இல்லை. ரீமேப் செய்த போலோ அதே சாலையில் காலை நேரத்தில் 9 தாண்டியதில்லை.

---

ஓஎம்ஆர்_வலது_லேன்

நான் இதைவிடப் பெரிய தாவலைச் செய்தவன். வைத்திருந்தது ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 245. இந்தியாவுக்கு 200 வண்டிதான் வந்தது, 2020-இல். 245 பிஎஸ், 370 என்எம், நூறுக்கு 6.6 வினாடி. அதைக் கொடுத்து டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் எடுத்தேன். எதிர்க்கருத்தாக இல்லை, இன்னொரு பக்கமாக எழுதுகிறேன்.

சோழிங்கநல்லூரிலிருந்து தரமணிக்கு மாலை ஏழு மணிக்கு வந்து பார்த்தவர்களுக்குப் புரியும். அந்தச் சாலையில் 245 குதிரையும் நின்றுகொண்டுதான் இருந்தன. மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் 18 அங்குலச் சக்கரத்தை ஒவ்வொரு பள்ளத்திலும் பார்த்துப் பார்த்து இறக்குவேன். வீட்டுக்கு வந்தால் தோள் இறுகிக் கிடக்கும். கேம்ரி வந்த பிறகு அந்த இறுக்கம் இல்லை. மனைவி முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்: "இப்ப வந்ததும் பேசறீங்க."

ஆனால் ஒன்றரை வருடம் கழித்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நண்பர்கள் ஓட்டுவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அன்று தாங்கவில்லை. இப்போது பழைய மேனுவல் ஹாட்ச்பேக் ஒன்று ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வைத்திருக்கிறேன். விஆர்எஸ்ஸின் விலையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. டிராக்கில் அது கொடுக்கிற சந்தோஷத்தில் குறை ஒன்றும் இல்லை.

கேம்ரியின் அமைப்பு சிட்டியிலிருந்து வேறுபட்டது. அதில் இன்ஜின், இரண்டு மோட்டார், சக்கரம் எல்லாம் ஒரு பிளானட்டரி கியர் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் ஓடும் அமைப்பு) வழியாக எப்போதும் சேர்ந்தே இருக்கும். 1997-இல் ஜப்பானில் வந்த முதல் பிரியஸிலிருந்து டொயோட்டா கைவிடாத யோசனை இது.

---

நல்லூர்க்காரன்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஹைபிரிட் புதுமை இல்லை. தெருவில் நின்றால் அக்வா, ஆக்ஸியோ, பிரியஸ் என்று வரிசையாகப் போகும். நான் வைத்திருப்பது ஹோண்டா கிரேஸ். உங்கள் சிட்டியின் ஜப்பான் சகோதரன்தான், ஆனால் உள்ளே ஏழு கியர் இரட்டைக் கிளட்ச், மோட்டார் அந்தக் கியர்பெட்டிக்குள்ளேயே இருக்கும். அதற்கு முன் சிவிக் ஈகே வைத்திருந்தேன், மேனுவல். அதை விற்ற அன்று சரியான கவலை.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருக்கிற வாகனத்தைக் காப்பாற்றுவதே எங்கள் வேலை. 2022-இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோம். கிடைக்கிற சில லீற்றரில் ஒரு கிழமை ஓடியது இந்த ஹைபிரிட்டால்தான். சிவிக் இருந்திருந்தால் வீட்டு வாசலில் நின்றிருக்கும். அப்போதிருந்து எனக்கு அந்தப் பழைய கவலை இல்லை.

அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். பெரிய பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துளை பல ஹைபிரிட்டுகளில் பின் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அதன் மேல் பையோ துணியோ வைக்க வேண்டாம். அந்த ஃபில்டரைத் தூசி தட்டாமல் விட்டுத்தான் எங்கள் பக்கம் நிறையப் பேர் பேட்டரியைச் சூடாக்கிக் கெடுத்தார்கள். ஒவ்வொரு சேர்விஸிலும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், கராஜ்காரன் தானாகப் பார்க்க மாட்டான்.

---

மருதமலை_அடிவாரம்

நல்லூர்க்காரரே, நன்றி. இன்று மாலையே போய்ப் பார்த்தேன், துளையை அடைத்துக்கொண்டு அம்மாவின் சால்வை கிடந்தது.

பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி இருக்கிறது. டிக்கி பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். சாதாரண சிட்டியில் 506 லிட்டர், ஹைபிரிட்டில் 306 மட்டும். இரண்டு பெரிய பெட்டி வைத்தால் முடிந்தது. அம்மாவின் மடக்கும் வாக்கரைக் குறுக்கே வைக்க வேண்டியிருக்கிறது. டெலிவரி எடுக்கும்போது ஷோரூமில் தேவையில்லாத அலங்காரப் பொருள்களைப் பில்லில் ஏற்றப் பார்த்தார்கள். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

---

ஆர்பிஎம்_6000

அண்ணா, ஒரே ஒரு கேள்வி. வால்பாறை?

---

மருதமலை_அடிவாரம்

போன மாதம் போனேன், அம்மாவோடு.

ஏறும்போது போலோவின் நினைவு வராமல் இல்லை. 9-ஆம் வளைவு, லோம்ஸ் வியூ, அங்கே நிறுத்தி ஆழியாறு அணையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா வண்டியை விட்டுத் தானாக இறங்கி, கைப்பிடிச் சுவர் வரை நடந்து வந்தார். பதினொரு வருடத்தில் இந்த மலைக்கு என்னோடு அவர் வந்தது இதுதான் முதல் முறை.

இறங்கும்போதுதான் விசித்திரம். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடலை இழுத்தால் மோட்டார் வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரியை நிரப்புகிறது. அட்டகட்டி தாண்டி ஏழெட்டு வளைவு வரை பிரேக்கை லேசாகத்தான் தொட்டேன், அவ்வளவு சுகம். திடீரென்று இன்ஜின் தானாக உறும ஆரம்பித்தது. என் கால் ஆக்சிலேட்டரில் இல்லவே இல்லை. பயந்து ஓரமாக நிறுத்திவிட்டேன். பிஸ்டன் சார், இது என்ன?

---

பீளமேடு_பிஸ்டன்

பயப்பட ஒன்றுமில்லை. பேட்டரி நிறைந்துவிட்டது.

நீங்கள், அம்மா, சாமான் எல்லாம் சேர்த்து வண்டி 1,500 கிலோ என்று வையுங்கள். 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் அதில் இருக்கிற ஆற்றல் நான்கு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். உங்கள் பேட்டரியின் கொள்ளளவு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. பாதி ஆற்றலை டயரும் காற்றும் தின்றாலும் மிச்சத்தை வைக்க இடம் கிடையாது. அதனால் வண்டி என்ன செய்கிறதென்றால், வருகிற மின்சாரத்தை ஜெனரேட்டருக்கு அனுப்பி, பெட்ரோல் ஊற்றாமல் இன்ஜினைச் சும்மா சுற்ற வைக்கிறது. இன்ஜினைச் சுற்ற வைக்கப் பலம் வேண்டுமல்லவா, அந்தச் செலவில் வண்டியின் இறங்குவேகம் கட்டுப்படுகிறது. நாம் கியர் வண்டியில் இரண்டாவதில் போட்டு இறங்குவோமே, அதே வேலைதான்.

ஒரு யோசனை. மேலிருந்து கிளம்பும்போதே பேட்டரி நிறைந்திருந்தால் இது சீக்கிரம் வந்துவிடும். இந்தச் சத்தம் கேட்ட பிறகு கால் பிரேக்கின் பங்கும் கூடும், அதைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராமல் விட்டு விட்டுப் பிடியுங்கள்.

---

ஆர்பிஎம்_6000

சத்தம் என்னவென்று தெரியாமல் இத்தனை நாள் திட்டியிருக்கிறேன். சரி அண்ணா, அந்த போலோ யாரிடம் போனது?

---

மருதமலை_அடிவாரம்

பொள்ளாச்சியில் ஒரு பையன். இன்ஜினியரிங் முடித்து முதல் வேலை. வண்டியைப் பார்க்க வந்தவன் முதலில் போனட்டைத் திறக்கவில்லை, டயரின் உள்பக்கத் தேய்மானத்தைக் குனிந்து தொட்டுப் பார்த்தான். அப்போதே அவனுக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். வேறொருவர் 30,000 அதிகம் சொன்னார், கொடுக்கவில்லை. 11 வருட சர்வீஸ் பில், பழைய ஒரிஜினல் ஸ்பிரிங், இரண்டாவது சாவி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். ரீமேப்பை எடுக்க வேண்டாம் அண்ணா என்றான்.

நேற்று அவனே கூப்பிட்டான். சனிக்கிழமை வால்பாறை போகிறானாம், ஏறும்போது நான் ஓட்ட வேண்டுமாம், இறங்கும்போது அவன் சிட்டியை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். மலைக்குப் போகும் இணைய அனுமதி, இ-பாஸ், எடுத்தாகிவிட்டது. தம்பி, நீங்களும் வருவதென்றால் காலை 6 மணிக்கு ஆழியாறு செக்போஸ்ட்.

---

ஆர்பிஎம்_6000

5.45-க்கே இருப்பேன் அண்ணா.